ரிப்பன் புழுவின் சொந்தக்காரர்கள்

ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிஸ்ஸான் ஆலையிலிருந்து 2010-இல் நிஸ்ஸான் மைக்ரா வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து அதே ஆலையிலிருந்து ரெனோ பல்ஸ் வந்தது. முகப்பு வேறு, சின்னம் வேறு, ஷோரூம் வேறு, விளம்பரத்தில் பேசிய பேச்சும் வேறு. ஆனா அடியில் ஒரே வண்டி. சன்னியும் ஸ்காலாவும் அப்படித்தான், டஸ்டரும் டெரானோவும் அப்படித்தான். வாங்குகிறவர் முகப்பைப் பார்ப்பார். லைனில் நின்று பொருத்துகிறவருக்கும், பின்னால் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்குக்கும் உண்மை தெரியும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். ரோட்டில் அண்ணன் தம்பி மாதிரி தெரிகிற இரண்டு எஸ்யூவிகளைப் பிரித்துப் பார்த்தால், ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தாது. இரண்டும் வேறு வேறு கம்பெனியில், வேறு வேறு ஆட்கள் வரைந்தவை.

முகத்தைப் பார்த்துச் சொந்தம் சொல்லக்கூடாது. அவ்ளோதான் விஷயம். ஒரு மெக்கானிக் ஷெட்டில் நாலு நாளில் புரிந்துவிடுகிற இந்தச் சங்கதி, உயிரினங்களை வகைப்படுத்தும் படிப்பில் வேரூன்ற இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இருநூறு வருடத்தையும் ஒரே பிராணியை வைத்துச் சொல்ல முடியும். அது கடலில் வாழும் ஒரு வழுவழுப்பான புழு. அதன் சொந்தக்காரர்கள் யார் என்ற கேள்வி ஆளுக்கொரு பதிலைத் தந்து எல்லோரையும் அலைக்கழித்தது. அந்தக் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போன இருவர், போன இடத்தில் வேறொரு துறையை உருவாக்கினார்கள். அந்தத் துறைதான் பின்னால் திரும்பி வந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது.

*

முதலில் பெயர்ச் சிக்கல் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். இந்தப் புழுக்களை ஆங்கிலேயர் ரிப்பன் புழு என்றார்கள். அப்படியே தமிழாக்கினால் ‘நாடாப்புழு’. ஆனால் நம்ம ஊரில் நாடாப்புழு என்றால் குடலுக்குள் ஒட்டிக்கொண்டு வாழும் டீனியா, பள்ளிப் பாடத்தில் படித்தது. அது தட்டைப்புழு இனம். ரிப்பன் புழுவுக்கும் அதற்கும் எந்த நெருக்கமும் இல்லை. தமிழில் பெயர் வைத்தாலே தப்பான குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம். இதே தப்பை ஐரோப்பிய விஞ்ஞானம் வேறு காரணங்களுக்காக நூறு வருடத்துக்கும் மேல் செய்தது. அதனால் இங்கே ரிப்பன் புழு என்றே வைத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் நெமர்ட்டியா.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட ரிப்பன் புழுச் சிற்றினங்கள் ஏறத்தாழ 1,300. பெரும்பாலானவை கடலில்தான் இருக்கின்றன. கல்லுக்கடியில், பவளத் துண்டுகளின் இடுக்கில், சேற்றுக்குள். சில நண்டின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அதன் சினையைத் தின்று வாழ்கின்றன. சில சென்டிமீட்டர் நீளமுள்ளவையே அதிகம் என்றாலும் மிகப் பெரியவையும் உண்டு. 1864-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் புயலுக்குப் பின் ஒதுங்கிய ஒன்றை வில்லியம் மெக்கின்டோஷ் என்ற இயற்கை ஆய்வாளர் பதிவு செய்தார். 30 கஜம், அதாவது 27 மீட்டருக்கு மேல் அளந்தாகிவிட்டது, ஆனால் சுருளில் பாதி கூட இன்னும் பிரியவில்லை!

இந்தப் புழுவின் தனி அடையாளம் அதன் துதிக்கை. உடலுக்குள் குடலுக்கு மேலே திரவம் நிறைந்த ஒரு நீண்ட உறை இருக்கிறது. துதிக்கை அதற்குள் சட்டைக் கையை உள்பக்கமாகத் திருப்பி வைத்தது போல் மடங்கிக் கிடக்கும். இரை அருகில் வந்ததும் தசைகள் அந்தத் திரவத்தை அழுத்த, துதிக்கை உள்ளிருந்து வெளியே புரண்டு பாய்ந்து இரையைச் சுற்றிக்கொள்ளும். சில வகைகளில் அதன் நுனியில் ஒரு குத்தூசியும் நஞ்சும் உண்டு. இப்படி ஒரு ஏற்பாடு வேறு எந்த விலங்குத் தொகுதியிலும் கிடையாது. வகைப்படுத்துகிறவர்களுக்குச் சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது. யாரிடமும் இல்லாத உறுப்பை வைத்து யாரோடு உறவு சொல்வது?

*

தொல்லுயிர் எச்சத்தைப் பார்க்கலாமே என்று தோன்றும். ஒரு சின்ன உதாரணம், கார் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மண்ணுக்குக் கீழே இருக்கும் படிவுப் பாறைகளுக்குப் புவியியலில் ‘ஸ்ரீபெரும்புதூர் படிவம்’ என்றே பெயர். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடாரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் இந்தப் பாறைகளையும் ஆராய்ந்து எழுதியவர். ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டெல் 1879-இல் இங்கே கிடைத்த செடிகளின் எச்சங்களை விவரித்தார். காலம் கிரிட்டேஷியஸின் முற்பகுதி, பத்து கோடி வருடங்களுக்கும் முன்னால். டைலோஃபில்லம் போன்ற செடிகளின் இலைப் பதிவுகளோடு கடல் உயிரிகளின் தடயங்களும் இந்தப் பாறைகளில் உண்டு. சுருண்ட ஓடுள்ள அம்மோனைட்டுகள், கண்ணுக்குத் தெரியாத ஃபொராமினிஃபெராக்கள். இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் இடத்தில் அன்று கடல் வந்து போயிருக்கிறது.

அந்தக் கடலில் ரிப்பன் புழுக்களும் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் பாறை அதைச் சொல்லாது. ஓடு இருந்தால் அச்சு விழும், இலையில் தடித்த தோல் இருந்தால் அச்சு விழும். எலும்பும் ஓடும் இல்லாத இந்த வழுவழுப்பு உடல் செத்த சில நாளில் கரைந்துவிடும். உலகம் முழுக்கத் தேடியும் ரிப்பன் புழு என்று சந்தேகமில்லாமல் சொல்லத்தக்க எச்சம் மிக அரிது. கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறையில் கிடைத்த அமிஸ்க்வியா என்ற பிராணியை ஒரு காலத்தில் ரிப்பன் புழு என்று சிலர் சேர்த்தார்கள். பிறகு அதையும் வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, முன்னோர்களின் ஆல்பம் இல்லாத குடும்பம் இது. உயிரோடு இருப்பவர்களின் உடலைப் பார்த்துத்தான் சொந்தம் கண்டுபிடிக்க வேண்டும்.

*

அப்படிப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? 1758-இல் கார்ன்வால் பாதிரியார் வில்லியம் போர்லேஸ் இதை ‘நீளமான கடல் புழு’ என்று மட்டும் எழுதினார். 1770-இல் நார்வேயின் குன்னெரஸ் இதை அஸ்காரிஸ் பேரினத்தில் சேர்த்தார். குடலில் வாழும் உருளைப்புழுவின் பேரினம் அது. 1831-இல் ஜெர்மனியின் ஏரன்பெர்க், உடல் முழுக்க நுண்ணிய மயிரிழைகள் அசைவதைப் பார்த்து, தட்டைப்புழுக்களோடு சேர்த்து ஒரே குழுவாக்கினார். 1851-இல் மாக்ஸ் ஷுல்ட்சே, துதிக்கையில் குத்தூசி உள்ளவை, இல்லாதவை என்று இவற்றை இரண்டாகப் பிரித்தார். பாடப் புத்தகங்களில் அனோப்லா, எனோப்லா என்று வந்து நின்ற பிரிவு இதுதான்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. 1847-இல் யோஹான்னஸ் முல்லர் கடலில் மிதக்கும் ஒரு சின்ன உயிரைக் கண்டார். காது மடல்கள் தொங்கும் குல்லா மாதிரி இருந்தது. அதைத் தனி விலங்கு என்று எண்ணி பிலிடியம் என்று பெயர் வைத்தார். பிறகுதான் தெரிந்தது, அது சில ரிப்பன் புழுக்களின் லார்வா. குல்லாவுக்குள்ளே தனித்தனித் தட்டுகளாக வளர்ந்து ஒன்றுசேரும் குட்டிப் புழு, ஒரு நாள் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பல வகைகளில் வெளியே வந்ததும் குல்லாவையே தின்றுவிடும். பிள்ளையும் பெரியவரும் ஒரே ஆள் என்று தெரியாததால் இரண்டு பெயர். தோற்றத்தை நம்பினால் இப்படித்தான்.

தட்டைப்புழுவோடு சேர்த்ததில் ஒரு நெருடல் தொடர்ந்து இருந்தது. தட்டைப்புழுவின் குடலுக்கு ஒரே வாசல்தான், தின்பதும் கழிப்பதும் அதே வழியில். ரிப்பன் புழுவுக்கு வாய் ஒரு பக்கம், மலவாய் ஒரு பக்கம். தட்டைப்புழுவுக்கு ரத்தக் குழாய் இல்லை, ரிப்பன் புழுவுக்கு உண்டு. இவ்வளவு வேறுபாடு இருந்தும் ஏன் பக்கத்திலேயே வைத்தார்கள்? இரண்டுக்கும் உடற்குழி இல்லை என்று நினைத்ததால்தான். குடலுக்கும் உடற்சுவருக்கும் நடுவே திரவம் நிறைந்த அறை, அதாவது மண்புழுவிடமும் நம்மிடமும் இருப்பது, ரிப்பன் புழுவில் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததை ‘இல்லை’ என்று எழுதிவிட்டார்கள்.

*

1859-இல் டார்வினின் நூல் வந்த பிறகு வகைப்பாடு என்பது வெறும் அலமாரி அடுக்கும் வேலையாக இல்லாமல் போனது. பக்கத்தில் வைத்தால் பங்காளி என்று அர்த்தம். அதோடு எல்லோருக்கும் ஒரு பேராசை, முதுகெலும்புள்ள நம்முடைய மூதாதை எந்தப் புழு என்று கண்டுபிடிக்க வேண்டும். 1883-இல் டச்சு விலங்கியலாளர் ஹூப்ரெக்ட் அந்த இடத்துக்கு ரிப்பன் புழுவை முன்மொழிந்தார். துதிக்கையின் உறை இருக்கிறதே, அதுதான் நம் கருவில் தோன்றும் முதுகுநாண். துதிக்கை இருக்கிறதே, அதுதான் நம் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி. இப்படிப் போனது வாதம். இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர் சாதாரண ஆள் இல்லை. சேலஞ்சர் கப்பல் உலகைச் சுற்றிச் சேகரித்த ரிப்பன் புழுக்களை ஆராய்ந்து அறிக்கை எழுதியவரே அவர்தான்.

அதே 1883-இல், கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்த வில்லியம் பேட்சன் என்ற இளைஞர் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்குப் போனார். அவர் தேடிப் போனது பலனோகிளாசஸ். விலங்கியல் படித்த தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பழக்கமான பெயர். மண்டபத்துக்கும் குருசடைத் தீவுக்கும் கல்லூரிச் சுற்றுலா போனவர்களுக்கு அதன் வாசனை கூட நினைவிருக்கலாம். பேட்சன் அதன் கரு வளர்ச்சியை ஆராய்ந்து, அது நம்ம பக்கத்துச் சொந்தம் என்றார். 1885-இல் ஹெமிகார்டேட்டா, அதாவது அரைநாணிகள் என்ற பெயரையும் வைத்தார். துதிக்கையின் அடியில் இருந்த ஒரு சின்னத் தண்டை முதுகுநாண் என்று அவர் எடுத்துக்கொண்டதே அதற்கு முக்கிய ஆதாரம்.

பேர் கிடைத்தது. ஆனால் பேட்சனுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. 1894-இல் வெளியிட்ட பெரிய நூலின் முன்னுரையில், கருவியலை வைத்து வம்சாவளி எழுதும் முறை தோற்றுவிட்டது என்று வாதிட்டார். அதே உண்மைகளை வைத்து ஒருவர் ஒரு வம்சத்தையும் இன்னொருவர் நேர் எதிரான வம்சத்தையும் எழுத முடிகிறது, யார் சரி என்று தீர்க்க வழியில்லை. அப்படியானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேறுபாடு எப்படித் தோன்றுகிறது, எப்படிப் பிள்ளைக்குப் போகிறது? 1900-இல் மெண்டலின் பட்டாணிக் கணக்கு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது அதை ஆங்கில உலகில் தூக்கிச் சுமந்தவர் அவர்தான். 1905-இல் அந்தத் துறைக்கு ‘ஜெனிடிக்ஸ்’ என்று பெயர் வைத்தவரும் அவரே.

*

இரண்டாவது ஆளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பத்தாம் வகுப்பில் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்து, கட்டம் போட்டு, பெரிய டி சின்ன டி எழுதினோமே, அந்தக் கட்டத்தின் சொந்தக்காரர் ரெஜினால்ட் பன்னட். அவர் தொடங்கியது பட்டாணியில் இல்ல, ரிப்பன் புழுவில்.

1875-இல் பிறந்த பன்னட் கேம்பிரிட்ஜில் படித்தார், நேப்பிள்ஸ் கடல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1899 முதல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பயிற்றுநராக இருந்தார். 27 மீட்டர் புழுவைப் பதிவு செய்த மெக்கின்டோஷ் பேராசிரியராக இருந்த அதே இடம். அந்த நாட்களில் உலகின் வெவ்வேறு கடல்களிலிருந்து ஜாடிகள் அவருக்கு வந்தன. சிங்கப்பூரிலிருந்து ஒன்று, தென் பசிபிக்கிலிருந்து ஒன்று. 1899-1900-இல் ஸ்டான்லி கார்டினர் மினிக்காய் தீவிலும் மாலத்தீவுகளிலும் நடத்திய ஆய்வுப் பயணத்தின் புழுக்களும் வந்தன. அந்தப் பயணத்தின் முடிவுகளாக 1901-இலிருந்து வெளிவந்த தொகுதிகளில் ரிப்பன் புழுக்கள் பற்றிய பகுதியை எழுதியவர் பன்னட். பலனோகிளாசஸ் இனத்தாரைப் பற்றிய பகுதியும் அவருடையதே. ஆக, நம் லட்சத்தீவுக் கடலின் புழுக்கள் அறிவியலின் ஏட்டில் ஏறியபோது பேனா பிடித்திருந்தது அந்தக் கட்டம் போட்டவரின் கை.

ஜாடியில் வரும் புழுவை வகைப்படுத்துவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஆல்கஹாலில் நிறம் போய்விடும். உடல் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், சில துண்டுகளாகவே உடைந்திருக்கும். மெழுகில் புதைத்து, சேமியா கனம் கூட இல்லாத சீவல்களாகச் சீவி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து, நரம்பு எந்தத் தசை அடுக்கில் ஓடுகிறது, கழிவுக் குழாய் எங்கே திறக்கிறது என்று குறிக்க வேண்டும். அதை வைத்து இது புது இனமா, பழைய இனமா என்று தீர்ப்பு. டைக்கோடெரா ஃபிளேவா என்ற பலனோகிளாசஸ் இனத்தைப் பன்னட் அந்தத் தொகுதியில் பல வகைகளாகப் பிரித்தார். தீவுக்குத் தீவு, ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசம். எது இனத்தின் வித்தியாசம், எது தனி ஆளின் வித்தியாசம்? ஜாடியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

1904 வாக்கில் பன்னட் பேட்சனோடு சேர்ந்தார். கோழி, இனிப்புப் பட்டாணி, முயல் என்று இறங்கிவிட்டார். 1905-இல் ‘மெண்டலிசம்’ என்ற சின்னப் புத்தகம். 1908-இல் கிரிக்கெட் ஆடும் நண்பரான கணித மேதை ஹார்டியிடம் ஒரு சந்தேகம் கேட்க, அதற்குக் கிடைத்த பதில்தான் இன்று ஹார்டி-வெயின்பெர்க் விதி. கணிதமேதை ராமானுஜனை சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டி. 1909-இல் பன்னட் இலங்கைக்கு வந்தார். அப்போது கொழும்பு அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆர்தர் வில்லி. பன்னட்டிடம் வந்த தென் பசிபிக் ஜாடி இவர் சேகரித்ததுதான்.

ஆனால் இலங்கையில் பன்னட் பார்த்தது புழுவை அல்ல, பட்டாம்பூச்சியை. நம் வீட்டு எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் முட்டையிடும் கறுப்புப் பட்டாம்பூச்சி, பாபிலியோ பாலிடெஸ். அதன் பெண்ணுக்கு மூன்று தோற்றங்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், பறவைகள் தின்னாமல் ஒதுக்கும் வேறு இரண்டு பட்டாம்பூச்சி இனங்களை அப்படியே உரித்து வைத்தாற்போல இருக்கும். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இப்படி வேறு இனமோ என்று நினைக்க வைக்கும் சகோதரிகள் வரலாம். பின்னால் ஃபிரையர் இலங்கையிலேயே வளர்த்துப் பார்த்த சோதனைகள், இது மெண்டல் கணக்கில் இறங்கும் மரபு என்று காட்டின. 2014-இல், இப்போது பெங்களூரில் ஆய்வு செய்யும் கிருஷ்ணமேக் குண்டேயும் சக ஆய்வாளர்களும் அதற்குக் காரணமான மரபணுவையே அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் டபுள்செக்ஸ். ஒரே ஒரு மரபணு தோற்றத்தை இவ்வளவு புரட்டிப் போடும் என்றால், தோற்றத்தை வைத்து வம்சம் எழுதியவர்களின் நிலைமை என்ன?

*

இது புழுவோடும் பூச்சியோடும் நிற்கிற விஷயம் இல்லை. அதே காலத்தில் சென்னையில் ஒருவர் இருந்தார். எட்கர் தர்ஸ்டன், 1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் சங்குக் குளிப்பையும் ஆராய்ந்தவர். 1887-இல் ராமேஸ்வரத்துக் கடல் உயிரினங்கள் பற்றி அறிக்கை எழுதியவர். 1890-களில் அவர் கையில் காலிப்பரை எடுத்துக்கொண்டு மனிதர்களிடம் வந்தார். மூக்கின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மண்டை எவ்வளவு. அளந்து, சராசரி போட்டு, சாதி வாரியாகப் பட்டியலிட்டார். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு அது ஏழு தொகுதிகளாக வந்தது. மூக்கு அகலத்தை வைத்து யார் உயர்ந்த இனம், யார் தாழ்ந்த இனம் என்று அன்றைய காலனிய மானிடவியல் பேசிய பேச்சுக்கு அந்த எண்கள் தீனியாயின.

சங்கை அளப்பது போல மனிதனையும் அளந்தார். சங்கு எதிர்த்துப் பேசாது, புழுவும் பேசாது. தப்பான தொகுதியில் வைத்தாலும் அவற்றின் வாழ்க்கை மாறாது. மனிதர்களைத் தப்பான தட்டில் வைத்தால் அவர்களுடைய பிள்ளைகளின் வாழ்க்கையே மாறும். பன்னட்டும் இதில் சுத்தமானவர் இல்லை. மனிதரை ‘வடிகட்டி’ மேம்படுத்தலாம் என்ற அன்றைய யூஜெனிக்ஸ் பேச்சில் அவரும் இருந்தார். ஆனால் 1917-இல் அவர் போட்ட கணக்கே, அந்த வடிகட்டலுக்குப் பல ஆயிரம் வருடம் பிடிக்கும் என்று காட்டியது. 1972-இல் ரிச்சர்ட் லெவோன்டின் மனித இனத்தின் மரபு வேறுபாட்டைக் கணக்கிட்டபோது, அதில் சுமார் 85 சதவீதம் எந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயும் இருப்பதுதான் என்று வந்தது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே மிஞ்சுவது கொஞ்சம். காலிப்பர் நல்ல கருவி. ஒரகடத்தில் பிஸ்டனை அளக்க அது இல்லாமல் முடியாது. அது சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிப்பதுதான் பிரச்சினை.

*

பன்னட் போன பிறகு ரிப்பன் புழு என்ன ஆனது? அதன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 1951-இல் லிப்பி ஹைமன் எழுதிய மாபெரும் விலங்கியல் தொகுப்பிலும் தட்டைப்புழுவும் ரிப்பன் புழுவும் ஒரே தொகுதியில், ‘உடற்குழியற்றவை’ என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஹூப்ரெக்ட்டின் மூதாதைக் கனவும் அடியோடு சாகவில்லை. 1970-களில் கூட அதைத் தூசு தட்டி எடுத்தவர்கள் உண்டு.

முதல் விரிசல் 1985-இல் விழுந்தது. ஜேம்ஸ் டர்பவில், எட்வர்ட் ரூப்பர்ட் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ரிப்பன் புழுவின் ரத்தக் குழாய்களையும் துதிக்கை உறையையும் உள்ளே பூசினாற்போல ஒரு செல் அடுக்கு இருந்தது. மண்புழுவின் உடற்குழியில் இருப்பது போன்ற அடுக்கு. அதாவது உடற்குழி இல்லாமல் இல்லை. அது உருமாறி, குழாயாகவும் உறையாகவும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

1992-இல் டர்பவிலும் சகாக்களும் மரபணுவிடமே கேட்டார்கள். எல்லா உயிர்களின் செல்லிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உண்டு. அதன் ஒரு பகுதியை உருவாக்கும் 18எஸ் மரபணு எல்லா விலங்குகளிடமும் இருக்கிறது, மிக மெதுவாகத்தான் மாறுகிறது. ஒரே புத்தகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் பிரதியெடுத்தால் பிழைகள் சேரும். ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும் பிரதிகள் ஒரே மூலப் பிரதியிலிருந்து வந்தவை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாட பேதம் பார்த்துச் சுவடிகளின் வழியைக் கண்டுபிடிப்பது போலத்தான் இதுவும். எழுத்துகளை ஒப்பிட்டபோது ரிப்பன் புழு தட்டைப்புழுவின் மடியிலிருந்து விலகி, மண்புழுவின் வளைதசைப் புழுக்களும் நத்தை, சிப்பியின் மெல்லுடலிகளும் இருந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தது. தட்டைப்புழு அதே பெரிய குலத்தில் ஒரு தூரத்துச் சொந்தம், அவ்வளவே. மூதாதைப் பட்டமும் போனது. நாம் வேறு கிளை.

பிறகு உடலிலேயே சாட்சி கிடைத்தது. வளைதசைப் புழுக்களும் மெல்லுடலிகளும் லார்வாப் பருவத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு மயிரிழை வளையத்தோடு நீந்தும். ரிப்பன் புழுவில் அது இல்லை என்றே நினைத்திருந்தார்கள். 2004-இல் ஸ்வெட்லானா மஸ்லகோவாவும் சகாக்களும் கரினோமா என்ற பழைமையான வகையின் லார்வாவில் அந்த வளையத்தின் எச்சம் மறைந்திருப்பதைக் காட்டினார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று மரபணு சொன்ன பிறகு கண்ணுக்கும் தெரிந்தது.

வீட்டுக்குள்ளேயும் சுவர்கள் இடிந்தன. 2003-இல் தோலஸனும் நோரன்பர்க்கும் மரபணு ஒப்பீட்டில், பழைய அனோப்லா ஒரே குடும்பம் அல்ல என்று காட்டினார்கள். குல்லா லார்வா உள்ளவை தனியொரு கிளை, அவற்றுக்கு பிலிடியோஃபோரா என்று பெயர். முல்லர் தனி விலங்கு என்று தவறாக நினைத்த குல்லாவே கடைசியில் ஒரு வம்சத்தின் முத்திரையானது. 2019-இல் உலகின் ரிப்பன் புழு ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து அனோப்லா, எனோப்லா என்ற பெயர்களையே கைவிட்டு மூன்று வகுப்புகளை வைத்தார்கள். ஷுல்ட்சே போட்ட கோடு 168 வருடம் நின்றிருந்தது.

பேட்சனின் பலனோகிளாசஸுக்கும் இதே கதிதான். மரபணுக் கணக்கில் அதன் மிக நெருங்கிய சொந்தம் நாம் அல்ல, நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும். அவர் முதுகுநாண் என்று நம்பிய தண்டு முதுகுநாண் இல்லை என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. அவர் வைத்த ஹெமிகார்டேட்டா என்ற பெயர் மட்டும் பாடப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

*

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பேட்சனும் பன்னட்டும் தோற்றுப் போனவர்கள் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அவர்கள் முதலில் கேட்ட கேள்வியில் அவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை என்பது உண்மை. தன் கையில் இருக்கும் கருவியால் இந்தக் கேள்வி தீராது என்று தெரிந்து எழுந்து போனார்கள். பேட்சன் 1926-இல் இறந்தார், டி.என்.ஏ.வின் வடிவம் தெரிய இன்னும் 27 வருடம் இருந்தது. பன்னட் 1967 வரை இருந்தார். தாம் ஜாடிகளோடு மல்லுக்கட்டிய புழுக்களின் வம்சத்தைத் தாம் வளர்த்த துறையே ஒரு நாள் எழுதும் என்பதை அவரும் பார்க்கவில்லை.

விலங்கியலிலோ தாவரவியலிலோ பட்டம் வாங்கிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மூன்று ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள் பலர் உண்டு. படித்ததற்கும் செய்வதற்கும் சம்பந்தமில்லை என்று வீட்டில் பேச்சு வரும். அவர்களுக்கு ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. சம்பளமும் கேம்பிரிட்ஜ் ஃபெல்லோஷிப்பும் ஒன்றல்ல. பன்னட்டுக்கு வேறு வேலைக்குத் தாவ வசதி இருந்தது. ஆனால் விட்டுவிட்டு வந்த கேள்வி செத்துவிடுவதில்லை என்பது வசதி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் பொது. அதை இன்னொருவர், இன்னொரு கருவியோடு, எடுத்துக்கொள்வார். அதற்கு ஒரே நிபந்தனைதான். முன்னால் போனவர் தான் பார்த்ததை ஒழுங்காக எழுதி வைத்திருக்க வேண்டும். மினிக்காய்ப் புழுக்களைப் பற்றிப் பன்னட் எழுதிய முடிவுகளில் பல மாறிவிட்டன. அவர் வரைந்த படங்களும் குறித்த அளவுகளும் இன்றும் ஆய்வாளர்களின் மேஜைக்கு வருகின்றன.

மேஜையில் வேலையும் மிச்சம் இருக்கிறது. 2018-இல் ஒரு ரிப்பன் புழுவின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. அதன் பிறகும், வளைதசைப் புழு, மெல்லுடலி, விளக்குச் சிப்பி என்று அதே வீட்டில் இருப்பவர்களில் ரிப்பன் புழுவுக்கு உடன்பிறந்தவர் யார் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பதில் மாறுகிறது. அண்ணனா தம்பியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஐம்பது கோடி வருடங்களுக்கும் முன்னால், குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்துப் பிரிந்துபோன பங்காளிகள் அவர்கள். பிரிந்த வரிசையைக் காட்டும் எழுத்துப் பிழைகள் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன.